யட்சிக்குச் சுண்ணாம்பு கொடுப்பது எப்படி? ஃபேரி காதல் கதைகளுக்கு ஓர் அறிமுகம்

கல்லூரி படிக்கும் பிள்ளைகள் கையில் இப்போது ஒரு வகை ஆங்கில நாவல் அதிகம் தென்படுகிறது. தடியான புத்தகம், அட்டையில் முள்கொடியும் கிரீடமும், உள்ளே இருநூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்தோ அயர்லாந்தோ. கதாநாயகி மனுஷி. எதிரே நிற்பவன் ஃபேரி. ஐந்நூறு பக்கக் கதையில் இருவரும் கையைப் பிடிப்பதற்கே முந்நூறு பக்கம் ஆகிவிடும். 'ஸ்லோ பர்ன்' என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள்.

இதில் அப்படி என்ன இருக்கிறது, ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் நாகர்கோவிலுக்கு மேற்கே வசிப்பவன் என்பதால் உதாரணங்கள் எங்கள் பக்கத்திலிருந்தே வரும். களியக்காவிளை தாண்டினால் கேரளம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யட்சி ஒருத்திதான், அவளைப் பற்றிய பயமும் ஒன்றுதான்.

ஃபேரி என்பது யார்?

சொல்லைக் கேட்டதும் நமக்கு வருவது உள்ளங்கை அளவு உடம்பு, தும்பிச் சிறகு, மந்திரக்கோல். அந்த உருவத்தை ஊரெல்லாம் பரப்பியவை விக்டோரியா காலத்துப் படங்களும் குழந்தைப் புத்தகங்களும். 1917-ல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் 16 வயதுப் பெண் ஒருத்தியும் அவளுடைய உறவுக்காரச் சிறுமியும் ஓடைக்கரையில் ஃபேரிகளோடு இருப்பதுபோலப் புகைப்படம் எடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலே அதை நம்பி 1920-ல் பத்திரிகையில் எழுதினார். காகிதத்தில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியவை அவை என்று அந்த இருவரும் ஒப்புக்கொண்டது 1983-ல், பாட்டி வயதில்.

நாவல்களில் வருகிறவர்கள் அதற்கு முந்தைய ஆட்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் கிராமங்களில் பேசப்பட்டவர்கள். ஆள் உயரம் இருப்பார்கள், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, மண்மேட்டுக்கு அடியில் அரண்மனை வைத்திருப்பார்கள், பிடித்த மனிதரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஸ்காட்லாந்தில் அபர்ஃபாயில் ஊரின் பாதிரியார் ராபர்ட் கிர்க் 1690-களின் தொடக்கத்தில் இவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மனிதருக்கும் தேவதூதருக்கும் நடுப்பட்ட பிறவி, மேகம் திரண்டாற்போன்ற உடம்பு என்பது அவர் கணக்கு. 1692-ல் ஊரை ஒட்டிய ஃபேரி மேட்டில் உலவப் போன இடத்தில் இறந்தார். அவர் சாகவே இல்லை, அவர்கள்தான் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊர் பேசியது.

இவர்களோடு பழக விதிகள் உண்டு. அவர்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் திரும்பி வர முடியாது. முழுப் பெயரைச் சொன்னால் பிடி அவர்கள் கைக்குப் போய்விடும். அங்கே ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தால் இங்கே பல வருடம் ஓடியிருக்கும். கொடுத்த வாக்கை மீற மாட்டார்கள், ஆனால் வாக்கில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்து உங்களை மாட்டிவிடுவார்கள். இரும்பைக் கண்டால் ஆகாது. வாசலில் குதிரை லாடம் அடித்து வைப்பார்கள். இன்றைய நாவல்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: ஃபேரியால் பொய் சொல்ல முடியாது. இதற்கும் பழைய வேர் உண்டு. 1188-ல் வேல்ஸைச் சுற்றிவந்த ஜெரால்ட் என்ற பாதிரியார், பூமிக்கடியில் வாழும் குட்டி மனிதர்களிடம் போய்வந்த ஒரு சிறுவனின் கதையை எழுதிவைத்திருக்கிறார். அவர்களுக்குப் பொய் என்றால் அப்படி ஒரு வெறுப்பாம்.

நம் பக்கத்து ஆள்

எங்கள் ஊர்க்காரருக்கு இதெல்லாம் புதிதாகவா இருக்கும்? ராத்திரி தனியாகப் போகிறவனிடம் யட்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். தலைமுடி தரையைத் தொடும். எங்கிருந்தோ ஏழிலைப்பாலைப் பூவின் வாசம் வரும். அவள் காட்டும் மாளிகைக்குள் ஏறிப் போனால், விடிந்து பார்க்கும்போது அது பனைமரம்; அடியில் கிடப்பது நகமும் முடியும்தான். பார்வதிபுரம் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலியை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் திறக்கப்படாத அறையில் இருப்பதாகச் சொல்லப்படும் காஞ்சிரோட்டு யட்சியும் இந்த வட்டாரத்துக்காரிதான்.

இரும்பும் இங்கே உண்டு. கேரளத்து மந்திரவாதப் பாதிரியார் கடமற்றத்துக் கத்தனார் ஒரு யட்சியின் உச்சியில் ஆணி அடித்தாராம். உடனே அவள் சாதாரணப் பெண்ணாகி வீட்டு வேலை செய்துகொண்டு இருந்தாள். ஒருநாள் பேன் பார்க்க உட்கார்ந்த கிழவி, என்னடி இது தலையில் என்று ஆணியைப் பிடுங்கிவிட்டாள். ஆளைக் காணோம்.

கவனித்துப் பாருங்கள். நம் கதைகளில் யட்சியைக் கையாள இரண்டே வழிதான் உண்டு. ஒன்று, ஆணி அடிப்பது. இரண்டு, கோயில் கட்டிக் கும்பிடுவது. முப்பந்தலில் இசக்கியம்மன் அப்படித்தான் சேலையும் பொங்கலும் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். மேற்கிலும் இதே கதைதான். லாடம் அடி, இல்லையென்றால் பால் கிண்ணத்தை வாசலில் வை.

இந்த நாவல்கள் மூன்றாவது வழி ஒன்றை எடுக்கின்றன: பழகிப் பார்ப்பது. ஆணி அடிக்க ஒரு நொடி போதும், கும்பிட ஒரு நாள் போதும். பழகுவதற்குத்தான் ஐந்நூறு பக்கம் தேவைப்படுகிறது. இந்த வகையின் மெதுவுக்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பது.

மெதுவும் இழுவையும்

இங்கே ஒரு சந்தேகம் வரும். மெகா சீரியலும்தான் நான்கு வருடம் ஓடுகிறது, அதுவும் ஸ்லோ பர்னா? இல்லை. சீரியலில் இருவரும் சேராமல் இருக்கக் காரணம், ஒருவர் பேசியதை இன்னொருவர் கதவுக்குப் பின்னால் நின்று பாதி கேட்டது. ஒரு போன் பண்ணினால் தீர்ந்துவிடும். ஸ்லோ பர்னில் தடை நிஜமானது. பேசித் தீர்க்க முடியாதது. அப்புறம், ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு சிறு நகர்வாவது இருக்கும். முன் அத்தியாயத்தில் இருந்த இடத்தில் இந்த அத்தியாயத்தில் இருவரும் இல்லை என்பதை வாசிப்பவர் உணர வேண்டும்.

விளக்கத்துக்கு நானே ஒரு கதையைப் போட்டுப் பார்க்கிறேன். திருவிதாங்கூரில் அரசு தபாலுக்கு 'அஞ்சல்' என்று பெயர். 1951-ல் இந்தியத் தபால் துறையோடு சேரும்வரை தனியாகவே நடந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டக்காரர் கையில் மணி கட்டிய கோல் இருக்கும். சத்தம் கேட்டால் வழியில் போகிறவர்கள் ஒதுங்கி விட வேண்டும். வருடம் 1858. நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு ராத்திரியில் ஓடும் ஒருவன். கோலின் முனையில் இரும்புப் பூண். பனங்காட்டு ஓரத்தில் ஒருத்தி நிற்கிறாள். ஊரே ஒதுங்கும் மணிச்சத்தத்துக்கு அவள் மட்டும் ஒதுங்கவில்லை.

முதல் நாள் அவன் கோலை இன்னும் பலமாக ஆட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான். அடுத்த முறை அவள் கேட்கிறாள்: "வெத்திலைக்கு இத்திரி சுண்ணாம்பு தருவீரா?" கையால் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் ஆச்சி சொல்லி வளர்த்தது அவனுக்கு நினைவிருக்கிறது. சுண்ணாம்பைக் கோல்முனையில் தடவி நீட்டுகிறான். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஒரு சலிப்பு. எத்தனை பேர் இப்படி நீட்டியிருப்பார்கள்! வாங்காமலே பனைக்குப் பின்னால் போய்விடுகிறாள்.

அது அவனை உறுத்துகிறது. மழைக்காலம் தொடங்கியதும் ஒருநாள் வாழையிலைத் துண்டில் சுண்ணாம்பு வைத்து, கல்லின் மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறான். மறுமுறை வரும்போது இலை மடித்து அதே கல்லில் இருக்கிறது; உள்ளே வாடாத பாலைப் பூ ஒன்று. இப்படியே சில மாதம். பேச்சு வருகிறது. அவள் பத்தடி தள்ளித்தான் நிற்பாள், கோல் இருக்கிறதே. அவளை யட்சியாக்கியது ஒரு ஆணின் துரோகம் என்று தெரிகிறது. அவள் பயப்படுவது இரும்புக்கு மட்டும் அல்ல என்பது அவனுக்கு அன்றுதான் உறைக்கிறது.

இரண்டு பேரும் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கோலை வைத்துவிட்டால் அவள் கடித்துக் குதறலாம். பக்கத்தில் போனால் அவன் ஆணி அடித்துவிடலாம். கதையின் முக்கால்வாசி தாண்டிய பிறகு, ஒரு ராத்திரி அவன் ஒன்றும் சொல்லாமல் கோலை ஒரு புளியமரத்தில் சாய்த்துவிட்டு, வெறுங்கையோடு பத்தடி நடக்கிறான். இரும்புப் பூண் வேரில் தட்டி, மணி ஒரு தடவை கிலுங்கி அடங்குகிறது.

இவ்வளவுதான் காட்சி. முத்தமும் இல்லை, 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்ற வசனமும் இல்லை. ஆனால் அந்த முந்நூறு பக்கத்தைக் கூடவே நடந்து வந்தவருக்கு, ஒருவன் கோலைக் கீழே வைத்ததே மூச்சை நிறுத்தும். இதே காட்சி ஐந்தாம் பக்கத்தில் வந்திருந்தால் ஒருவன் கோலைச் சாய்த்துவைத்தான், அவ்வளவுதான். சின்னச் செய்கைகளுக்குக் கனம் ஏற்றி வைப்பதுதான் இந்த முறையின் தொழில்நுட்பம். ரசிகர்கள் கிறங்குவதும் அதற்குத்தான்.

பொய் சொல்ல முடியாத ஃபேரி இதில் எழுத்தாளருக்குக் கிடைத்த பெரிய வசதி. மனிதக் காதலன் என்றால் "உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை" என்று பொய் சொல்லித் தப்பித்துவிடுவான். ஃபேரியால் அது முடியாது. "நான் போய்விட்டால் உனக்கு வருத்தமா?" என்று கதாநாயகி கேட்கிறாள். "குதிரை தயாராக நிற்கிறது" என்கிறான். வருத்தம் இல்லை என்று அவன் சொல்லவில்லை பாருங்கள்! அடுத்த நான்கு பக்கத்துக்கு வாசிப்பவர் மனதில் ஓடிக்கொண்டிருப்பது அந்தக் குதிரைதான்.

வரலாறு எதற்கு?

இங்கிலாந்துக் கதைகள் பலவும் ரீஜென்சி காலத்தில் நடக்கும். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநிலை சரியில்லாமல் போனதால் 1811 முதல் 1820 வரை மகன் பொறுப்பேற்று ஆண்ட காலம் அது. நல்ல குடும்பத்துப் பெண் துணை இல்லாமல் ஆணோடு பேசக் கூடாது. நடனத்தில் ஒருவனோடு இரண்டு முறைக்கு மேல் ஆடினால் ஊர் முடிச்சுப் போட்டுவிடும். கையில் எப்போதும் உறை. அதனால் ஒருவன் கையுறையைக் கழற்றுவதே பெரிய சம்பவம் ஆகிறது. இந்தக் காலத்தில் நடப்பதாக எழுதினால் அந்தப் பதற்றத்தை எங்கிருந்து கொண்டுவருவது? வாட்ஸ்அப்பில் 'சாப்பிட்டியா' என்று கேட்டு ஆரம்பிக்கிற காதலில் கையுறைக்கு வேலை இல்லை. ஆக, கதைக்கு இரண்டு அடுக்குத் தடை கிடைக்கிறது. சமூகம் ஒரு பக்கம், பிறவி ஒரு பக்கம். மனிதருக்கு விதித்த விதிகளில் வளர்ந்த பெண், வேறு விதிகளில் வாழும் ஒருவனைப் பார்க்கும்போதுதான் தன் விதிகளையே வெளியிலிருந்து பார்க்கிறாள்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நிறைய நாவல்களில் வரலாறு என்பது உடைதான். பட்டு கவுன், மெழுகுவர்த்தி, குதிரை வண்டி. அந்தப் பட்டுக்கும் சர்க்கரைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நம் பக்கத்தில் அப்படி எழுத முடியாது, எழுதவும் கூடாது. என் ஓட்டக்காரன் கதையை 1858-ல் வைத்தது சும்மா இல்லை. அது தோள்சீலைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். மேலுடுப்புப் போட்ட நாடார் பெண்களைச் சந்தையிலும் சாலையிலும் மறித்துத் துணியைக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா மேலுடுப்புக்கு அனுமதி கொடுத்து அறிவித்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வரம்பு இருந்தது.

அந்த ஓட்டக்காரன் என்ன சாதி, எந்தத் தெரு வழியாக ஓட அவனுக்கு அனுமதி உண்டு, அவன் பைக்குள் போகும் அரசு உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது? எழுதுகிறவர் இதற்கெல்லாம் பதில் வைத்திருந்தே ஆக வேண்டும். மனிதர்களுக்குள்ளேயே இத்தனை அடி தள்ளி நில் என்று அளந்து வைத்திருந்த ஊரில், யட்சியோடு பத்தடி தூரம் என்பது வேறு அர்த்தம் கொள்ளும். அவளுக்கு இந்த அளவுகள் புரியாமல் "ஏன் அந்தப் பெண்கள் ஒதுங்கி நிற்கிறார்கள்?" என்று கேட்டால், மாயக்கதை அந்த இடத்தில் வரலாற்றைத் தொட்டுவிடும்.

நமக்கு இது அந்நியமா?

இல்லவே இல்லை. காமத்துப்பாலின் முதல் குறளிலேயே (1081) தலைவன் அவளைப் பார்த்துவிட்டு, இவள் அணங்கோ, மயிலோ, மானிடப் பெண்தானோ என்று குழம்பி நிற்கிறான். காதலின் தொடக்கமே எதிரே இருப்பது என்ன பிறவி என்ற சந்தேகம். தொல்காப்பியத்தின் களவியல் இந்த ஐயத்துக்கு ஒரு படிநிலையே வைத்திருக்கிறது. அது தீர என்னென்ன அடையாளம் என்றும் சொல்கிறது: மொய்க்கும் வண்டு, அணிந்திருக்கும் நகை, பூ, கண் இமைப்பது, அச்சம். நளன் கதையில் தமயந்தி செய்வதும் அதுதான். நளன் உருவத்தில் நிற்கும் தேவர்களுக்கு நடுவில், கண் இமைப்பவன், மாலை வாடியவன், கால் தரையில் படுபவன் எவன் என்று பார்த்து மனிதனுக்கு மாலை போடுகிறாள்.

நம் மரபில் ஐயம் தீர்ந்ததும் காதல் தொடங்கிவிடும். அவள் மானிடப் பெண் என்று உறுதியானால் போதும். ஃபேரி நாவல் இதைத் திருப்பிப் போடுகிறது. ஐயம் தீர்ந்தபின் அவன் மனிதன் இல்லை என்றுதான் உறுதியாகிறது. இனி என்ன செய்வாய் என்பதிலிருந்துதான் கதை.

எங்கே தொடங்குவது, எதைத் தவிர்ப்பது

இந்த வகையின் பாட்டி என்று சொல்லத்தக்கது 'டாம் லின்' என்ற ஸ்காட்டிஷ் கதைப்பாடல். தெற்கு ஸ்காட்லாந்தில் செல்கர்க் பக்கத்துக் காட்டில் நடப்பது. 1549-லேயே ஒரு நூலில் இந்தக் கதையின் பெயர் வருகிறது. ஜேனட் என்ற பெண், ஃபேரி அரசியிடம் சிக்கிய மனிதன் ஒருவனை மீட்கிறாள். நிபந்தனை என்னவென்றால், ஹாலோவீன் ராத்திரியில் அவனைக் குதிரையிலிருந்து இழுத்துப் பிடித்து, அவன் பாம்பாகவும் மிருகமாகவும் கனலாகவும் மாறும்போதும் கையை விடக் கூடாது. பாட்டில் ஸ்லோ பர்ன் கிடையாது. இருவரும் சந்தித்த சுருக்கில் அவள் கர்ப்பமாகிவிடுகிறாள்! ஆனால் உருவம் மாறினாலும் விடாமல் பிடித்துக்கொள்வது என்ற கருவை இன்றைய நாவல்கள் இங்கிருந்துதான் இழுத்து நீட்டுகின்றன. நான்கு வரிச் செய்யுள்களால் ஆனது, அரைமணி நேரத்தில் வாசித்துவிடலாம்.

நாவலுக்குப் போகும்போது சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். முந்நூறு வயது ஃபேரியும் 18 வயதுப் பெண்ணும் என்று வந்தால், அந்த வயது வித்தியாசத்தைக் கதை கவனிக்கிறதா, கண்டும் காணாமல் போகிறதா? ஃபேரிக்கு மயக்கும் சக்தி உண்டு. அவள் சம்மதித்தது அவளாகவா, மயக்கத்திலா என்ற விஷயத்தை நல்ல எழுத்தாளர் தட்டிக்கழிக்க மாட்டார். மிரட்டுவதையும் அடைத்துவைப்பதையும் காதல் என்று காட்டும் புத்தகங்களும் இந்த அலமாரியிலேயே இருக்கின்றன. சில புத்தகங்களில் வயது வந்தோருக்கான பகுதிகள் நிறைய வரும். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் பின்னட்டையைப் படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. 'இவர்கள் பிறப்பிலேயே ஒருவருக்கொருவர் விதிக்கப்பட்டவர்கள்' என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிற கதைகள் எனக்கு ஒத்துவருவதில்லை. விதியே முடிவு செய்துவிட்டால் அவன் எதற்குக் கோலைக் கீழே வைக்க வேண்டும்?

ஐம்பது பக்கம் வரை பொறுமையாக வாசியுங்கள். அதற்குள் இருவரில் ஒருவர் மற்றவரைப் பற்றித் தவறாக நினைத்த ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை, கண்ணின் நிறத்தையும் தாடையின் கூர்மையையுமே வர்ணித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் மூடி வைத்துவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போகலாம்.